ஒரே பீஸில் இரண்டு லாட்

பிரிகேடியர் எந்த வருஷம் பட்டாளத்திலிருந்து ரிட்டையர் ஆனார்? திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு மொட்டை மாடியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், நாங்கள் நாலு பேர் வருஷக்கணக்காகப் பேசி வரும் கேள்வி இது. பிரிகேடியர் எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. பிரிட்டிஷ் டிவி தொடர் ஒன்றில் வரும் பாத்திரம். ஆனால் அவர் பேச்சு வந்துவிட்டால் கீழே வாசலில் யார் கூப்பிட்டாலும் எழுந்து போக மனசு வராது.

மாடி பிரிண்டிங் அண்ணனுடையது. கீழே ஸ்க்ரீன் பிரிண்டிங் யூனிட், மேலே வீடு. அவர் சம்சாரம், எங்களுக்கு அண்ணி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்றாவது ஆள் என் காலேஜ் மாப்ள, இப்போது நிட்டிங் கம்பெனியில் சூப்பர்வைசர். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் க்யூசி பார்க்கிறேன். துணியின் ஷேடு சரியா, தப்பா என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பில் பாதி.

தொடரின் பெயர் டாக்டர் ஹூ. பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். 1963 நவம்பர் 23, சனிக்கிழமை, பிபிசியில் முதல் பகுதி வந்தது. கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். அடுத்த வாரம் அதையே மறுபடி ஒளிபரப்பிவிட்டுத்தான் இரண்டாவது பகுதியைப் போட்டார்கள். நாயகனுக்கு டாக்டர் என்பதைத் தவிரப் பெயர் கிடையாது. வேற்றுக் கிரகத்து ஆள். வெளியே நீல நிறப் போலீஸ் பெட்டியாகத் தெரியும் ஒரு வண்டியில் காலத்துக்குள்ளும் வெளிக்குள்ளும் சுற்றுகிறார். முதலில் நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு 1966இல் உடம்பு முடியாமல் போனபோது, கிழவர் கீழே விழுந்து வேறு முகத்தோடு எழுந்தார் என்று கதையைத் திருப்பி, பேட்ரிக் ட்ரொட்டனை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு மனிதரின் தளர்ச்சியைச் சமாளிக்கச் செய்த அந்த ஏற்பாடுதான் தொடரை இத்தனை வருஷம் ஓட வைத்தது. 1989இல் நின்றது, 2005இல் திரும்ப வந்தது. எங்களுக்கு அது வந்து சேர்ந்தது கோயமுத்தூர் ஹாஸ்டலில், ரூம் ரூமாகச் சுற்றிய ஒரு ஹார்ட் டிஸ்கில்.

இத்தனை வருஷம், இத்தனை எழுத்தாளர்கள், தயாரிப்பாளர்கள் கைமாறிய கதையில் முன்னுக்குப் பின் முரண் இல்லாமல் எப்படி இருக்கும்? 1967இல் டாக்டர் தன் வயது 450 என்கிறார். 1987இல் 953. 2005இல் 900. அட்லாண்டிஸ் முழுகிய கதை மூன்று விதமாக வருகிறது. எது கணக்கில் சேரும், எது சேராது என்று பிபிசி ஒருபோதும் பட்டியல் போட்டுச் சொன்னதில்லை. அதனால் அந்தக் கணக்கைப் பார்ப்பவர்களே தலையில் போட்டுக்கொண்டார்கள். எங்கள் பக்கம் அதைப் போட்டுக்கொண்டவர் பிரிண்டிங் அண்ணன்.

நூல் மில்காரர்கள் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி ஒன்று அவரிடம் இருக்கிறது. கெட்டி அட்டை, ஓரத்தில் பிரிண்டிங் பேஸ்ட் கறை. அதில் பாத்திரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தக் கதையில் எந்த வருஷம் சொல்லப்பட்டது என்று எழுதி வைத்திருக்கிறார். பிரிகேடியர் பக்கம் மட்டும் மூன்று பக்கமாக வளர்ந்துவிட்டது.

சிக்கல் இதுதான். 1968இல் லண்டன் சுரங்க ரயில் பாதையில் நடக்கும் ஒரு கதை வந்தது. கர்னல் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் அறிமுகமானது அதில்தான். அதில் வரும் பேராசிரியர், டாக்டரை 1935இல் திபெத்தில் சந்தித்தவர், நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்கிறார். அப்படியானால் கதை நடப்பது சுமாராக 1975. அதே 1968 கடைசியில் கர்னல் பிரிகேடியராகி, யூனிட் என்ற ராணுவ அமைப்பின் தலைவராக வருகிறார். சுரங்கப் பாதையில் சந்தித்து நாலு வருஷம் இருக்கும் என்கிறார். ஆக, 1979. அப்புறம் 1975இல் வந்த கதையில், யூனிட்டோடு பழகிய சாரா ஜேன், தான் 1980லிருந்து வருவதாகச் சொல்கிறாள். இதுவரைக்கும் எல்லாம் நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. யூனிட் கதைகள் நடப்பது கொஞ்சம் வருங்காலத்தில்.

1983இல் ஒரு கதை வந்தது. அதில் 1977இல் பிரிகேடியர் ஒரு பையன்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். பட்டாள வேலையை விட்டது 1976இல். அதாவது 1979இல் யூனிட்டை நடத்திக்கொண்டிருந்தவர் 1976லேயே ரிட்டையர் ஆகிவிட்டார்.

இது ஏன் இப்படி ஆனது என்பதைப் படித்தபோது எனக்கு ரொம்ப நெருக்கமாக இருந்தது. அந்தக் கதையை யோசித்தபோது பிரிகேடியரே அதில் இல்லை. 1963இல் டாக்டரோடு முதன்முதலாகக் கிளம்பிய சயின்ஸ் வாத்தியார் இயன் செஸ்டர்டனைத்தான் திரும்பக் கொண்டுவர நினைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் வந்தது அதனால்தான். அந்த வேடத்தில் நடித்த வில்லியம் ரஸ்ஸல் கிடைக்கவில்லை. வாத்தியார் வேலையை அப்படியே வைத்து, ஆளை மட்டும் மாற்றி, பிரிகேடியரை உள்ளே நுழைத்தார்கள். பட்டன் வந்து சேராததால் வேறு பட்டன் வைத்துச் சரக்கை அனுப்பிய அவசரம் எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஒரு நடிகரின் தேதி ஒத்துவராமல் போனதில் நாற்பது வருஷமாக ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

எழுதுபவர்களுக்கும் இது தெரியும். 2008இல் ஒரு கதையில் டாக்டரே, யூனிட்டில் வேலை பார்த்தது எழுபதுகளிலா, எண்பதுகளிலா என்று தடுமாறுகிறார். 2013இல், ஐம்பதாவது வருஷச் சிறப்புக் கதையில், பிரிகேடியரின் மகள் கேட் ஒரு பழைய கோப்பைக் கேட்கும்போது, எழுபதுகளாக இருக்கலாம், எண்பதுகளாக இருக்கலாம், தேதி போடும் முறையைப் பொறுத்தது என்கிறாள். அதைக் கேட்ட அன்றைக்கு அண்ணன் டைரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தான் கணக்குப் போடுவது அங்கேயும் ஒருவருக்குத் தெரியும் என்ற சந்தோஷம் அது.

மாப்ளயிடம் இதற்கெல்லாம் ஒரே பதில்தான். "அந்தாளு டைம் டிராவல் பண்றாரு மாப்ள. எங்கியோ எதையோ மாத்திப்போட்டாரு, தேதி மாறிப்போச்சு. இதுக்குப் போயி டைரியா?"

இந்தப் பதில் எனக்கு என்றைக்கும் ஒத்துக்கொண்டதில்லை. எதையும் எப்போதும் மாற்றலாம் என்றால் எதற்கும் எடை இல்லை. ஒரு பாத்திரம் செத்தது, ஒருத்தி வீட்டுக்குத் திரும்ப முடியாமல் போனது, டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது எல்லாமே நாளைக்கு அழித்து எழுதக்கூடியதாகிவிடும். அப்படிப்பட்ட கதைக்காக நான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். அதற்காக அண்ணன் மாதிரி ஒவ்வொரு தேதியும் மற்றதோடு பொருந்தியே ஆகவேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. நடுவில் நான் எங்கே நிற்கிறேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லத் தெரியாமல் இருந்தது. சொல்ல வழி காட்டியது வேலைதான்.

சாயப்பட்டறையில் ஒரு தடவை மெஷினில் ஏற்றி இறக்கும் துணி ஒரு லாட். அதே நூல், அதே சாயம், அதே ரெசிபி என்றாலும் அடுத்த லாட் அச்சு அசலாக அதே நிறத்தில் வராது. தண்ணீர் கொஞ்சம் மாறியிருக்கும், சூடு ஏறிய வேகம் மாறியிருக்கும், உப்பும் சோடாவும் விழுந்த நேரம் மாறியிருக்கும். இது சரக்கு வாங்கும் பையருக்கும் தெரியும். அதனால் ஒரே ஒரு நிறத்தை மட்டும் ஓகே செய்ய மாட்டார்கள். இவ்வளவு அடர்த்தி வரைக்கும், இவ்வளவு வெளிறல் வரைக்கும் போகலாம் என்று ஷேடு பேண்ட் கொடுப்பார்கள். அதற்குள் இருந்தால் பாஸ். ஒரு பெட்டியில் இருக்கும் டீ-ஷர்ட்டும் இன்னொரு பெட்டியில் இருப்பதும் நூலளவு வித்தியாசப்பட்டால் குடி முழுகாது.

ஆனால் ஒரு விஷயத்தில் மன்னிப்பே கிடையாது. ஒரே பீஸில் இரண்டு லாட் வரக்கூடாது. பாடி ஒரு லாட், கை இன்னொரு லாட் என்று தைத்துவிட்டால் முடிந்தது. கழுத்து ரிப்பைக்கூடப் பாடி துணியோடு ஒரே லாட்டில் போட்டு எடுப்பது அதற்காகத்தான். தோள் தையல் இருக்கிற இடத்தில் இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது கண் தானாகக் கண்டுபிடித்துவிடும்.

1967இல் 450 என்றதும் 1987இல் 953 என்றதும் வேறு வேறு பெட்டி. பேண்டுக்குள் இருக்கிறது, பாஸ். ஒரு கதை தன் உடம்புக்குள் தானே போட்ட விதியைத் தானே மீறினால், அது தோள் தையலில் தெரியும் வித்தியாசம். அதை நான் விடமாட்டேன்.

இதை அண்ணனிடம் சொன்னபோது, "ஏப்பா, அப்ப பிரிகேடியரு ஒரே ஆளுதானே? அவரு எத்தன பீசு?" என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வி எனக்கு அப்புச்சியை, அம்மாவின் அப்பாவை, ஞாபகப்படுத்தியது. அப்புச்சி ஊர் காங்கேயம் பக்கம். நான் சின்னப் பையனாக இருந்தபோது கோயிலில் அண்ணன்மார் கதை நடக்கும், உடுக்கை அடித்து, ராத்திரி ராத்திரியாக. குன்னுடையான், தாமரை, பொன்னர், சங்கர், தங்காள், தலையூர்க் காளி, கொம்பன் பன்றி என்று எல்லாம் ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம். பாடுகிறவர் ஒரு நாள் படையின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வார், மறுநாள் குறைத்துச் சொல்வார். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒரு தடவை வெளியூரிலிருந்து வந்த பாட்டுக்காரர், சங்கர் ஓர் இடத்தில் பணிந்து கெஞ்சுவதாகப் பாடினார். அப்புச்சி தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "ஏனுங்க, சின்னவரு அப்பிடிக் கெஞ்சுவாருங்களா?" என்றார். சத்தம் போடவில்லை. உடுக்கை நின்றுவிட்டது. பாட்டுக்காரர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அப்புறம் அந்த இடத்தைத் திரும்ப எடுத்து, அதே வார்த்தைகளைப் பொன்னர் வாயில் வைத்துப் பாடினார். பெரியவர் சாந்தமானவர், அவர் கெஞ்சலாம். பின்பாட்டுக்காரர் "ஆமா" போட்டார். கதை மேலே போனது.

இதே கதையை 1965இல் ப்ரெண்டா பெக் என்ற ஆராய்ச்சியாளர் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் டேப்பில் பிடித்தார். அந்த வருஷங்களில் அங்கே இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும். பிபிசி பழைய டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஹார்ட்னெல், ட்ரொட்டன் நடித்த பகுதிகள் பல அப்படிப் போய்விட்டன. ஆனால் படம் போன பகுதிகளுக்கெல்லாம் ஒலி இருக்கிறது. காரணம், வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்து வைத்த ரசிகர்கள். படத்தைக் காப்பாற்ற அவர்களிடம் கருவி இல்லை, கையில் இருந்ததை வைத்துக் குரலைக் காப்பாற்றினார்கள். கதை முன்னுக்குப் பின் பொருந்துகிறதா என்று கண்டினியூட்டி பேசுகிறவர்களை வேலையத்தவர்கள் என்று யாராவது சொன்னால் நான் இவர்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

சரி, 2020க்கு வருகிறேன். எங்களுக்குள் நிஜமாகவே மனஸ்தாபம் வந்த வருஷம் அதுதான்.

1976இல் ஒரு கதையில் ஒரு விதி சொல்லப்பட்டது. டாக்டரின் இனத்தார் பன்னிரண்டு தடவைதான் உருமாற முடியும். அதாவது மொத்தம் பதிமூன்று உயிர். 2013 கிறிஸ்துமஸ் கதையில் அந்தக் கணக்கு தீர்ந்துபோகிறது. வெளியே பதினோராவது டாக்டர் என்று பெயர், ஆனால் போரில் இருந்த, எண்ணில் சேராத ஒருவரையும், 2008இல் முகம் மாறாமலே செலவழித்த ஓர் உருமாற்றத்தையும் கூட்டினால் அவர்தான் கடைசி. ஒரு சின்ன ஊரைக் காப்பாற்ற அங்கேயே தங்கி, கிழடு தட்டி, கையில் தடியோடு, இனி உயிர் இல்லை என்று தெரிந்தே எதிரிக்கு முன்னால் போய் நிற்கிறார். கூடப் பயணம் செய்யும் கிளாரா கெஞ்சிக் கேட்டதால் அவர் இனத்தார் புதுச் சுற்று உயிர் கொடுக்கிறார்கள். நாலு பேரும் சேர்ந்து பார்த்தோம். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

2020 மார்ச் 1 அன்று வந்த கதை, டாக்டர் அந்த இனமே இல்லை என்றது. வேறெங்கிருந்தோ வந்த குழந்தை, உருமாறும் சக்தியே அந்தக் குழந்தையிடமிருந்து எடுக்கப்பட்டது, ஹார்ட்னெலுக்கு முன்னாலேயே எத்தனையோ பிறவிகள், அந்த ஞாபகமெல்லாம் அழிக்கப்பட்டது. அந்த மாதக் கடைசியில் ஊரடங்கு. திருப்பூரில் மெஷின் சத்தம் நின்றது. நான் பிறந்ததிலிருந்து அந்த ஊரை அப்படி அமைதியாகக் கேட்டதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கான்ஃபரன்ஸ் காலில் நாலு பேரும் இதைப் பேசித்தான் அந்த நாட்களைக் கடத்தினோம்.

அண்ணனுக்கு ஏக சந்தோஷம். 1976இல் இன்னொரு கதையில் மனதோடு மனது மோதும் ஒரு சண்டையில், ஹார்ட்னெலுக்கு முன்னால் எட்டு முகங்கள் திரையில் வரும். தயாரிப்புக் குழுவில் இருந்தவர்களே வேஷம் கட்டி எடுத்த படங்கள். அவை யார் என்று அத்தனை வருஷமாகப் பதில் இல்லாமல் இருந்தது. இப்போது அந்த முகங்களையே காட்டி, பதில் சொல்லிவிட்டார்கள். டைரியில் ஒரு பக்கம் மூடியது.

அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "தீந்துபோச்சுன்னு அந்த மனுசன் நின்னாரு, நான் அழுதேன். இப்ப வந்து தீரவே தீராதுங்கறீங்க. அன்னிக்கு நான் அழுதது எந்தக் கணக்குல வருது?"

"அன்னிக்கு அவருக்கே தெரியாதல்ல?" என்றார் அண்ணன். கணக்குப்படி அவர் சொன்னது சரி. ஞாபகம் அழிக்கப்பட்டவருக்குத் தெரியாதுதான். ஆனாலும் அண்ணி பக்கம்தான் நான் நின்றேன், இன்றைக்கும் நிற்கிறேன்.

ஷேடு பார்க்க லைட் பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. டி65 போட்டால் பகல் வெளிச்சம், டிஎல்84 போட்டால் கடை வெளிச்சம். ஒன்றின் கீழ் ஒட்டிப்பிறந்த மாதிரி இருக்கும் இரண்டு துணி, அடுத்ததைப் போட்டவுடன் சிவப்படித்து விலகி நிற்கும். 2020 கதை அப்படிப்பட்டது. தேதி, முகம், எண்ணிக்கை என்ற வெளிச்சத்தில் பார்த்தால் அதைப் போலப் பொருந்தும் கதை இல்லை. ஆள் யார் என்ற வெளிச்சத்தில் பார்த்தால் விலகிவிடுகிறது. நான் ஹாஸ்டலில் பார்த்துச் சொக்கிய டாக்டர், தன் சனத்தின் ஆடம்பரம் பிடிக்காமல் ஒரு பழைய வண்டியைத் திருடிக்கொண்டு ஓடிவந்த ஆள். பிறப்பால் அவருக்கு எந்தப் பெருமையும் இல்லை, செய்ததெல்லாம் தானாகச் செய்தது. அவரைப் போய் அந்த இனத்துக்கே மூலக் குழந்தை என்றால், சின்னவர் கெஞ்சுகிறார் என்று பாடினது போலத்தான் எனக்குக் கேட்கிறது.

அந்த ஊரடங்கு நாட்களில்தான் 1983 கதையைத் திரும்பப் பார்த்தேன். தேதிகளையெல்லாம் குலைத்த கதை என்று அண்ணன் திட்டும் கதை. முன்னால் பார்த்தபோது தேதியையே துரத்திக்கொண்டிருந்ததால் ஒன்றைக் கவனிக்கவில்லை. அதில் பிரிகேடியர் மனம் உடைந்து போனவர். டாக்டர் வந்து நிற்கிறார், யாரென்று தெரியவில்லை. பழகினவர்கள், யூனிட் எதுவும் நினைவில் இல்லை. டாக்டர் பக்கத்தில் நின்று பழைய பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார். பிரிகேடியர் கண் எங்கோ போகிறது. பழைய கதைகளின் துண்டுகள் ஒன்றன் பின் ஒன்றாகத் திரையில் ஓடுகின்றன. அந்த நடிகர் நிக்கோலஸ் கோர்ட்னியின் முகத்தில், அடைத்திருந்த கதவு மெதுவாகத் திறக்கிற மாதிரி ஒரு மாற்றம் வருகிறது. தேதியில் எல்லாவற்றையும் விட அதிகமாகத் தப்பு செய்த கதைதான் பழசை அவ்வளவு அக்கறையாக ஞாபகம் வைத்திருக்கிறது. ஒரு சிப்பாய், ஒரு சிநேகிதர், தான் கொஞ்சம் உடைந்தது வெளியே தெரியக்கூடாது என்று நிமிர்ந்து நிற்கும் ஆள். 1968இல் பார்த்த அதே ஷேடு.

அண்ணனின் பழைய கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. ராத்திரி போனில் சொன்னேன். "பிரிகேடியரு ஒரே பீசுதானுங்ணா. லாட்டும் ஒண்ணுதான். ஒட்டின டேக்லதான் தேதி தப்பு." அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "டேக் தப்புன்னாலும் சரக்கு திரும்பி வருமே கண்ணு," என்றார். அதுவும் நிஜம்தான். நான் பார்த்திருக்கிறேன்.

கோர்ட்னி 2011 பிப்ரவரியில் இறந்தார். அதே வருஷம் அக்டோபரில் வந்த கதையில், தன் சாவைத் தள்ளிப்போட்டு ஓடிக்கொண்டிருக்கும் டாக்டர், பிரிகேடியரைக் கூப்பிடலாம் என்று முதியோர் இல்லத்துக்குப் போன் போடுகிறார். அவர் சில மாதத்துக்கு முன்னால் போய்விட்டார் என்று நர்ஸ் சொல்கிறாள். உங்களைப் பற்றியே பேசுவார், நீங்கள் என்றைக்காவது வருவீர்கள் என்று கூடுதலாக ஒரு பிராந்தி ஊற்றி வைக்கச் சொல்வார் என்கிறாள். டாக்டர் போனை வைக்கிறார். அதோடு ஓடுவதை நிறுத்திவிடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குளிக்கப் போயிருந்தபோது டைரி திண்ணையில் கிடந்தது. பிரிகேடியரின் மூன்றாம் பக்கத்தைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்து நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் எழுபதுகள், வலது பக்கம் எண்பதுகள் என்று தலைப்பிட்டு, இரண்டு பக்கமும் அடித்து அடித்து எழுதியிருந்தார். கடைசி வரியை மட்டும் கோட்டைத் தாண்டி, பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் எழுதியிருந்தார்: போன் வந்தது. டம்ளர் ஊற்றியபடியே இருந்தது.